நீங்க யாருங்க? வீடு பார்க்கும் மரியாதை பற்றி

நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பேச்சில் மரியாதைக்குப் பஞ்சமே கிடையாது. திட்டும்போதுகூட வாக்கியத்தின் வாலில் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் “ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா?” என்பார்கள். வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டு மயங்கிப்போவதுண்டு. உங்க ஊர்ல எல்லாரும் இவ்வளவு தன்மையா பேசறாங்களே என்பார்கள். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: எங்க ஊர்ல ஒரு தடவை வாடகைக்கு வீடு பாருங்க.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று நம்மிடம் பழமொழி இருக்கிறது. அதில் வரும் ‘பார்’ துணைவினை. வெறுமனே போய்ப் பார்ப்பதைப் பற்றி, அதாவது இன்னொருவர் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்து, சமையல்கட்டை எட்டிப் பார்த்து, பாத்ரூம் குழாயைத் திருகி, “சரிங்க, சொல்றோம்” என்று கிளம்பும் அந்த இருபது நிமிடத்தைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. ஆனால் நம் நாகரிகம் என்று எதைச் சொல்கிறோமோ அது மொத்தமும் அந்த இருபது நிமிடத்துக்குள் வந்து நின்றுவிடும்.

அமெரிக்காவில் ‘ஓப்பன் ஹவுஸ்’ என்று ஒரு வழக்கம் உண்டு. விற்பனைக்கு வந்த வீட்டை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம், குறிப்பிட்ட சில மணி நேரம் திறந்து வைப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஏஜென்ட் மட்டும் இருப்பார். வீட்டுக்காரர்கள் அந்த நேரத்தில் வெளியே போய்விடுவதுதான் அங்கே முறை. அதனால் அங்கே மரியாதை என்பது பொருட்களோடு நடந்துகொள்ளும் விதம்: அலமாரியைத் திறக்காதே, குழந்தையைச் சோபாவில் குதிக்க விடாதே, இவ்வளவுதான். நம்மூரில் யாரும் வெளியே போவதில்லை. ஓனர் இருப்பார், ஓனரம்மா இருப்பார், காலி செய்யப்போகும் குடித்தனக்காரரும் இருப்பார். பார்க்க வந்தவரும் தனியாக வரமாட்டார். மச்சான், சித்தப்பா, வாஸ்து தெரிந்த ஒருவர், புரோக்கர் எல்லோரும் வருவார்கள். பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் எட்டுப் பேர் நிற்கும்போது யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம்மிடம் இதற்கென்று தனிச் சடங்கு இல்லாததால், தெரிந்த சடங்கு ஒன்றை எடுத்துக்கொண்டோம். பெண் பார்க்கப் போவது. நல்ல நேரம் பார்த்து வருவது, தண்ணீர் சொம்பை வாங்கி ஒரு வாய் குடிப்பது, குறையை முகத்துக்கு நேராகச் சொல்லாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கண்ணால் சொல்வது எல்லாமே அங்கிருந்து வந்தவை. மறுப்பதும் அப்படியே. ‘ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்’ என்பது இங்கே ‘வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்’ ஆகிவிட்டது. இது பொய் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். இதை நான் கெட்ட பழக்கம் என்று சொல்லமாட்டேன். ஆயுள் முழுவதும் சேர்த்த காசில் கட்டிய வீட்டை வைத்துக்கொண்டு நிற்பவரிடம், உங்க படிக்கட்டு அசிங்கமா இருக்கு என்று சொல்லாமல் வருவது நல்ல விஷயம்தான். பேரம் பேசுவதற்காகக் குறை கண்டுபிடிப்பது வேறு. “அக்னி மூலையில பாத்ரூம் வந்திருக்கே”, “தெருக்குத்து இருக்குதுங்களே” என்று தொடங்கினால், வந்தவருக்கு வீடு பிடித்துவிட்டது, இரண்டு லட்சம் குறைக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். புரோக்கர்களுக்கு இது தெரியும். உண்மையிலேயே பிடிக்காதவர் வாஸ்து பேசமாட்டார், வீட்டைப் புகழ்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஆனால் பெண் பார்க்கும் சடங்கிலிருந்து நாம் எடுத்து வந்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. பார்க்கப்படுகிறவருக்கு வாய் கிடையாது.

செழியன் இயக்கிய ‘டூ லெட்’ படத்தை நான் முக்கியமாக நினைப்பது இந்த இடத்தில்தான். 2007இல், சென்னையில் ஐடி கம்பெனிகள் பெருகி வாடகை ஏறிய காலத்தில் நடக்கும் கதை. இளங்கோ, அமுதா, சின்னப் பையன் சித்தார்த். வீட்டுக்கார அம்மா ஒரு மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிடுகிறார். அந்த ஒரு மாதம்தான் படம். சாதி, மதம், சாப்பாடு, சினிமாத் தொழில் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வீடு கிடைக்காமல் போகிறது. இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் கவனித்தது இன்னொரு திசை. அவர்கள் வீடு தேடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் இருக்கும் வீட்டை வேறு யாரோ வந்து பார்க்கிறார்கள். வெளியே போனால் இவர்கள் விருந்தாளி மாதிரி பணிவாக நிற்கவேண்டும், உள்ளே இருந்தால் சாமான் மாதிரி ஓரமாக நிற்கவேண்டும். பின்னணி இசையே இல்லாத படம் அது. வாசலில் மணி அடிக்கும் சத்தத்துக்கு நாமும் சேர்ந்து பதறுவோம்.

படம் திரையரங்குக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. மறுநாள், பிப்ரவரி 22, தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் புதிய சட்டம் அமலுக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. தற்செயல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பழுது பார்க்கவோ சோதிக்கவோ ஓனர் உள்ளே வரவேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் குடியிருப்பவருக்கு எழுத்தில் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது சட்டம். எழுத்தில்! எங்க பக்கம் “அம்மா, கொஞ்சம் வீடு பாக்கறாங்க” என்ற குரலும் கதவு திறப்பதும் ஒரே நேரத்தில் நடக்கும். அடுப்பில் பால் இருக்கும். உள்ளே பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். கொடியில் துணி காயும். வந்தவர் பெட்ரூமில் செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்து, வராத மனைவிக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். அந்த வீடியோவில் இன்னொரு பெண்ணின் நைட்டியும் மாத்திரை டப்பாவும் போகும். ஓனரிடம் பத்து தடவை ‘ங்க’ போட்டவர், அந்த அறையில் இருக்கும் பெண்ணிடம் ஒரு தடவைகூட ‘வரலாங்களா’ என்று கேட்டிருக்கமாட்டார். மென்பொருள் வேலையில் ஒரு சிஸ்டத்தைக் கைமாற்றும்போது, பழைய சிஸ்டத்தில் இன்னும் ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்போம். வீட்டைக் கைமாற்றும்போது அந்தச் சந்தேகமே நமக்கு வருவதில்லை.

அதைவிடக் கொடுமை குடித்தனக்காரரைக் கேட்கும் கேள்விகள். “எதுக்குங்க காலி பண்றீங்க?” “தண்ணி எல்லாம் நல்லா வருதுங்களா?” “ஓனர் எப்படிங்க?” மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கேட்கும்போது ஓனர் பக்கத்தில் நிற்கிறார். அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. அந்த நிலையில் ஒருவரால் என்ன பதில் சொல்ல முடியும்? “எல்லாம் நல்லா இருக்குதுங்க” என்பதைத் தவிர?

‘டூ லெட்’ மீது எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. ஐடிக்காரன் சொல்கிறான், வேறென்ன சொல்வான் என்று நீங்கள் நினைக்கலாம், பரவாயில்லை. ஐடி பணம் வந்தது, வாடகை ஏறியது, சாமானியனுக்கு வீடு இல்லாமல் போனது என்பதுதான் படத்தின் சட்டகம். வாடகை ஏறியதற்கு அது காரணமாக இருக்கலாம். ஆனால் படத்துக்குள் இளங்கோவைத் திருப்பி அனுப்பும் கேள்விகளில் பாதிக்குப் பணத்தோடு சம்பந்தமே இல்லை. சேலத்திலும் நாமக்கல்லிலும் 2007இல் அப்படி ஐடி அலை எதுவும் அடிக்கவில்லை. இங்கே இருந்தது லாரி, ரிக் வண்டி, கோழிப்பண்ணை, தறி. ஆனால் கேள்விகள் அச்சு அசலாக அதே கேள்விகள். அப்படியென்றால் சந்தை கெடுத்தது என்று சொல்லி முடித்துவிட முடியாது. சந்தை வருவதற்கு முன்பே வாசல்படியில் உட்கார்ந்திருந்த ஒன்றுக்குச் சந்தை ஒரு சாக்கு கொடுத்தது, அவ்வளவுதான். படத்தின் காட்சிகளுக்கு இது தெரிந்திருக்கிறது. படத்தின் சட்டகம்தான் அதை மறைக்கிறது.

சேலத்தில் நான் வீடு தேடியபோது போனில் எல்லாமே சுலபமாக இருந்தது. என்ன வேலைங்க? சாப்ட்வேர்ங்க. அப்ப வாங்க, சாயங்காலமே வாங்க. நேரில் போனால் காபி வரும். காபி பாதி குடித்ததும் கேள்வி வரும். நேரடியாக வராது. எந்த ஊருங்க? நாமக்கல்ங்களா, நாமக்கல்ல எந்தப் பக்கங்க? அப்பா என்ன பண்றாருங்க, தோட்டங்காடு இருக்குதுங்களா? குலசாமி எதுங்க? கவனித்துப் பாருங்கள், இதில் ஒரு கேள்விகூடத் தப்பான கேள்வி கிடையாது. தனித்தனியாக எடுத்தால் அத்தனையும் உபசாரம். ஆனால் நாலாவது பதிலில் அவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். குலசாமி பெயர் தெரிந்தால் சாதி தெரிந்துவிடும், சாதிக்குள் கூட்டமும் தெரிந்துவிடும். ஒரே நகரத்தில் ஹஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, சூரமங்கலம் என்று எங்கே சுற்றினாலும் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை.

இலக்கணப்படி ‘நீங்கள்’ என்பது பன்மை. ஒரு ஆளைப் பல பேராக ஆக்கித்தான் தமிழில் மரியாதை கொடுக்கிறோம். “நீங்க என்ன ஆளுங்க?” என்ற வாக்கியத்தில் கடைசி ‘ங்க’ மரியாதையா, பன்மையா? இரண்டாகவும் கேட்கும். எதிரில் நிற்கும் ஒரு மனிதனைப் பணிவாக ஒரு கூட்டமாக மாற்றி, அந்தக் கூட்டத்தின் பெயரைக் கேட்கிறது வாக்கியம்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013இல் வந்தது. தோலூரிலிருந்து சரோஜாவைக் கல்யாணம் செய்து காட்டுப்பட்டிக்குக் கூட்டிவருகிறான் குமரேசன். அதற்குப் பிறகு நாவல் முழுவதும் அவளைப் பார்க்க ஆட்கள் வந்தபடியே இருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான், அவள் என்ன சாதி. அந்த நாவலைக் காதல் கதையாகவும் சாதிக் கொடுமையின் கதையாகவும் படித்திருக்கிறோம். வீடு பார்க்கும் அனுபவத்தோடு திரும்பப் படித்தபோது எனக்கு அது விசாரிப்பின் கதையாகத் தெரிந்தது. வன்முறைக்கு வெகு முன்பே கேள்விகள் வந்துவிடுகின்றன. பதில் கிடைக்காத ஒவ்வொரு நாளும் கேள்வியின் மரியாதை ஒரு பிடி குறைகிறது. நகரத்து ஓனர் கேள்வியை மரியாதையோடு நிறுத்திக்கொள்வது அவர் நல்லவர் என்பதால் மட்டும் இல்லை. அவரிடம் கதவைச் சாத்தும் வசதி இருக்கிறது. காட்டுப்பட்டிக்கு அந்த வசதி இல்லை, அவள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டாள்.

மறுப்பும் மரியாதையாகவே வரும். “தப்பா நெனச்சுக்காதீங்க, தம்பி பையன் வர்றான்னு இப்பத்தான் போன் பண்ணுனானுங்க.” என்னோடு வேலை செய்யும் ஒருவர் ஒரே மாதத்தில் ஐந்து வீட்டில் இதைக் கேட்டார். என்னைப் போலவே சம்பளம், என்னைப் போலவே கம்பெனி ஐடி கார்டு. குலசாமி கேள்விக்கு அவர் சொன்ன பதில் மட்டும் வேறு. ஐந்து இடத்திலும் அவர் “பரவால்லீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன். “வேற என்ன சொல்றது? அவங்க சங்கடப்படறாங்க இல்ல” என்றார். அவமானப்பட்டவர்தான் அவமானப்படுத்தியவரின் சங்கடத்தைத் தீர்த்துவைக்க வேண்டியிருக்கிறது. நம் வீடு பார்க்கும் மரியாதையில் மொத்தச் சுமையும் யார் தலையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இது மனிதர்களின் சுபாவம், மாற்ற முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனம், மதம் பார்த்து மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் வீடு காட்டும் ஏஜென்ட் சில கேள்விகளைக் கேட்கக் கூடாது என்பது தொழில் பாடமாகிவிட்டது. நம் நாட்டில் 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தின் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்ப்பது செல்லும் என்று தீர்ப்பளித்தது. கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று இருப்பதாக நம் வீட்டுச் சந்தைக்கு யாரும் இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வாடகை வீட்டில்தான் இப்படி, மனை விற்கிற இடத்தில் இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றலாம். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்குப் போய்ப் பாருங்கள். வேன் வந்து கூட்டிப்போகும், மோர் கொடுப்பார்கள், மதியம் சாப்பாடு. கடலைக்காடாகவும் குச்சிக்கிழங்குக் காடாகவும் இருந்த இடத்தில் வரிசையாக நம்பர் போட்ட வெள்ளைக் கல், கலர் கொடி, முகப்பில் ஒரு ஆர்ச். யாரும் யாரையும் குலசாமி கேட்பதில்லை, வந்தவர் அத்தனை பேரும் ‘சார்’. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ரெரா சட்டமும் வந்த பிறகு, இப்போது கேள்விகள் எல்லாம் டிடிசிபி அப்ரூவல் ஆச்சா, ரெரா நம்பர் இருக்கா, தாய்ப்பத்திரம் சரியா என்பதில் நிற்கின்றன. நல்ல கேள்விகள். ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் வாங்குகிறவரே மெதுவாகக் கேட்பார்: “பக்கத்து மனையெல்லாம் யாருங்க வாங்கியிருக்காங்க?” விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: “கவலையே படாதீங்க சார், எல்லாம் நல்ல நல்ல ஆளுங்கதான்.” இந்த ‘நல்ல’வுக்கு என்ன பொருள் என்று இரண்டு பேருமே விளக்கிக்கொள்வதில்லை.

அந்தக் காட்டில் ஏற்கெனவே இருந்தவர்கள் என்று சிலர் உண்டு. பெருமாள்முருகனின் முதல் நாவல் ‘ஏறுவெயில்’, 1991இல், அவருடைய 25ஆவது வயதில் வந்தது. வீட்டுக் காலனி கட்டுவதற்காக நிலம் எடுக்கப்பட்ட ஒரு விவசாயக் குடும்பம் எப்படிக் குலைந்துபோகிறது என்பதை ஒரு பையனின் கண்ணால் சொல்லும் கதை. அங்கே நிலத்தை எடுத்தது அரசாங்கம், இங்கே விற்பது விருப்பத்தின் பேரில், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சைட் விசிட்டில் வேப்பமரத்தடியில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்க்கும்போது எனக்கு அந்த நாவல் நினைவுக்கு வரும். காட்டை விற்றவர் அவராக இருக்கும், அல்லது குத்தகைக்கு ஓட்டியவராக இருக்கும். வேனில் வந்த நாற்பது பேரில் ஒருவரும் அவரிடம் பேசுவதில்லை. கிணறு எங்கே இருந்தது, மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் நிற்கும், இந்தக் காட்டுக்கு என்ன பேர் என்று கேட்டால் அவர்தான் சொல்ல முடியும். மரியாதைக்காக வேண்டாம், காசு போடுகிற சுயநலத்துக்காகவாவது கேட்கலாம். பிளானில் மூடிய கிணறு தெரியாது. அடித்தளம் போடும்போதுதான் தெரியும்.

டூ லெட்டின் அமுதா, ஏறுவெயிலின் குடும்பம், பூக்குழியின் சரோஜா மூன்று பேரையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குக் கிடைப்பது ஒரு எளிய அளவுகோல். வீடு பார்க்கப் போகிறவரின் மரியாதையை ஓனரிடம் எப்படிப் பேசினார் என்பதை வைத்து அளக்கக் கூடாது. எதையும் மறுக்க முடியாத நிலையில் அங்கே நிற்பவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்து அளக்கவேண்டும். நடைமுறையில் இது பெரிய காரியமே இல்லை. கிளம்புவதற்கு முன் குடியிருப்பவருக்கே ஒரு போன் செய்து எப்போது வரலாம் என்று கேட்கலாம். வாசலில் நின்று அவர் வரச்சொன்ன பிறகு போகலாம். இரண்டு பேர் போதும், எட்டுப் பேர் வேண்டாம். படுக்கையறையில் போனைப் பையில் வைத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் மறுநாளே சொல்லிவிடலாம், அவர்கள் வேறு ஆளைப் பார்க்கட்டும். நாம் வீடு காட்டும் முறை வரும்போது வாடகை வருமா, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்வாரா என்று கேட்கலாம், குலசாமியை அவரவர் குலசாமியாகவே விட்டுவிடலாம். மற்றவர் நம்மிடம் கேட்டால், “அதெதுக்குங்க வாடகைக்கு?” என்று அதே ‘ங்க’ போட்டுத் திருப்பிக் கேட்கலாம். சாதகமான பதில் கையில் இருப்பவர்கள்தான் இதை முதலில் கேட்கவேண்டும், இழப்பதற்கு அவர்களிடம்தான் குறைவாக இருக்கிறது. நான் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். இரண்டு வீடு அதனால் கிடைக்கவில்லை.

மூன்றாவதாகப் பார்த்த வீட்டில் ஒரு அக்கா குடியிருந்தார், அந்த வாரம் காலி செய்யப்போகிறவர். ஓனர் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார். தண்ணீர் பற்றிக் கேட்டேன், அக்கா வழக்கம்போல “நல்லா இருக்குதுங்க” என்றார். ஓனருக்குப் போன் வந்தது, பேசுவதற்காக வெளியே திண்ணைப் பக்கம் போனார். அக்கா சட்டென்று பீரோவை ஒரு கையால் கொஞ்சம் நகர்த்தி, பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். “ஐப்பசி மழைக்கு இந்த மூலையில ஓதம் ஏறும் தம்பி. துணிமணிய இங்க வெச்சராதீங்க. மத்தபடி காத்து நல்லா வரும்.” சொல்லிவிட்டு பீரோவைத் திரும்பத் தள்ளிவைத்தார். அவருக்கு இதனால் ஒரு பைசா லாபம் கிடையாது. ஓனர் காதில் விழுந்திருந்தால் அட்வான்ஸில் இருநூறோ ஐநூறோ போயிருக்கும். அந்த வீட்டுக்குத்தான் நான் குடிபோனேன். பீரோவை எதிர்ச் சுவரில் வைத்திருக்கிறேன்.